பணியாளர் துறையிலிருந்து மென்பொருள் ஆலோசனைக்கு

(பணியாளர் நிர்வாக அலுவலர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)



இம்முகாமின் முதல் நாள் தேநீர் இடைவேளையில் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "பதினெட்டு ஆண்டுகளாகப் பணியாளர் துறையில் இருக்கிறேன். மனிதவள மென்பொருள்களை நிறுவித் தரும் ஆலோசனைத் தொழிலுக்கு மாறலாமா என்று எண்ணுகிறேன். ஆனால் கணிப்பொறி மொழி ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இந்த வயதில் இது தகுமா?" என்பதே அக்கேள்வி. அதன்பின் வந்த நாட்களில் வேறு நால்வரும் சொற்களைச் சற்றே மாற்றி இதையே கேட்டார்கள். ஆகவே, நிறைவுரைக்கென நான் எழுதி வைத்திருந்த குறிப்பை ஒதுக்கிவிட்டு, இவ்வொரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

இதனை மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்பது நலம். அத்தொழில் யாது? அதற்கு உங்களைப் போன்றோர் தேவைப்படுவது ஏன்? மாறுவோர் பெறுவதும் இழப்பதும் எவை?

சம்பளப் பட்டியலின் வரலாறு

கணிப்பொறி, வணிக உலகில் நுழைந்த நாள் முதலாகச் சம்பளப் பட்டியலோடு உறவு கொண்டது. பிரிட்டனில் தேநீர்க் கடைகளை நடத்தி வந்த லியான்ஸ் நிறுவனம், 'லியோ' என்னும் கணிப்பொறியைத் தானே உருவாக்கி 1951-ல் வணிகக் கணக்குக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் ஊழியர்களின் சம்பளக் கணக்கையும் அதனிடம் ஒப்படைத்தது. 1972-ல் ஜெர்மனியில் சாப் நிறுவனமும், 1987-ல் அமெரிக்காவில் பீப்பிள்சாஃப்ட் நிறுவனமும் தோன்றின. பீப்பிள்சாஃப்ட்டை ஆரக்கிள் நிறுவனம் 2005-ல் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் பீப்பிள்சாஃப்ட்டைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் தம் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து வொர்க்டே நிறுவனத்தைத் தொடங்கினார். நம் நாட்டிலும் சென்னையின் ராம்கோ சிஸ்டம்ஸ், ஜோஹோ, ஹைதராபாத்தின் டார்வின்பாக்ஸ் முதலிய நிறுவனங்கள் இத்துறையில் இயங்கி வருகின்றன.

நமது பணியாளர் துறையின் வரலாறு வேறு வழியில் வந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டுமென விதித்தது. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-லும், போனஸ் சட்டம் 1965-லும், பணிக்கொடைச் சட்டம் 1972-லும் வந்தன. ஒவ்வொரு சட்டமும் ஒரு பதிவேட்டையும் ஒரு படிவத்தையும் ஒரு கணக்கு முறையையும் கொண்டுவந்தது. இவற்றையெல்லாம் மனத்தில் ஏற்றிக்கொண்டு, டைம் ஆபீசுக்கும் சங்க அலுவலகத்துக்கும் நிர்வாகிக்கும் இடையே நடந்தவரே பணியாளர் அலுவலர். இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடத்தில்தான் நாம் பேசும் தொழில் இருக்கிறது.

ஆலோசகர் செய்வது என்ன?

இன்றைய மனிதவள மென்பொருள் பெரும்பாலும் ஆயத்தமாகவே விற்கப்படுகிறது. எனினும் கடையில் வாங்கிய ஆயத்தச் சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்து உடலுக்கு ஏற்பத் திருத்துவது போல, அதனையும் நிறுவனத்துக்கு ஏற்பத் திருத்தியாக வேண்டும். எந்தப் பிரிவினருக்கு எத்தனை நாள் விடுப்பு, மிகை நேர ஊதியம் எந்த அடிப்படையில், பதவி உயர்வில் சம்பளம் எவ்வாறு நிர்ணயமாகும் என்பன போன்ற நூற்றுக்கணக்கான விதிகளை மென்பொருளின் அமைப்பினுள் பதிய வேண்டும்.

இவ்வேலை பல படிகளில் நடக்கிறது. முதலில் நிறுவனத்தின் நடைமுறைகளைக் கேட்டறிந்து எழுத வேண்டும். அடுத்து அவற்றுக்கு ஏற்ப மென்பொருளை அமைக்க வேண்டும். பழைய பதிவேடுகளிலுள்ள விவரங்களைச் சரிபார்த்துப் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும். பின்னர் பழைய முறையிலும் புதிய முறையிலும் இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்குச் சம்பளம் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இதனைப் பேரலல் ரன் என்பர். இறுதியாக ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து, அமைப்பை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றுள் நிரல் எழுதத் தெரிந்தவரே செய்ய வேண்டிய பகுதி உண்டு. ஆனால் கேட்டறிதலும் விதிகளை வகுத்தலும் ஒப்பிட்டுச் சரிபார்த்தலும் பயிற்றுவித்தலும் துறை அறிவைச் சார்ந்தவை. இப்பணிகளைச் செய்பவரைச் செயல்முறை ஆலோசகர் என்கிறார்கள். உங்களுக்குரிய இடம் இதுவே.

நால்வரின் பிழைப்பூதியம்

இதனை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் சம்பள மென்பொருள் புகுத்தப்பட்டபோது, அதற்கான குழுவில் நானும் இருந்தேன். முதல் மாத ஒப்பீட்டில் இரு பட்டியல்களின் மொத்தத் தொகைகளுக்கிடையே சிறிய வேறுபாடு ஒன்று தெரிந்தது. ஊழியர் எண்ணிக்கையை நோக்க அது பொருட்படுத்தத்தக்கதன்று எனக் குழுவில் பலர் கருதினர். பணி முடிய வேண்டிய நாளும் நெருங்கிக் கொண்டிருந்தது.

பணியாளர் பிரிவிலிருந்த மூத்த கண்காணிப்பாளர் ஒருவர் மட்டும் ஒப்புதல் கையெழுத்திட மறுத்தார். மொத்தத்தை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் ஒப்பிட வேண்டும் என்றார். இரண்டு நாட்கள் உட்கார்ந்து அவரே ஒப்பிட்டார். நான்கு பெயர்கள் வெளிவந்தன. நால்வரும் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தவர்கள்.

அடிப்படை விதி 53-இன்படி, தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ள மத்திய அரசு ஊழியருக்கு முதல் மூன்று மாதங்களுக்கு அரைச்சம்பள விடுப்பூதியத்துக்குச் சமமான தொகையும் அதற்குரிய அகவிலைப்படியும் பிழைப்பூதியமாகக் கிடைக்கும். அதன்பின், தாமதத்துக்கு ஊழியர் காரணமல்லவெனில், அத்தொகையில் பாதி அளவுக்கு மேற்படாமல் அதனை உயர்த்தலாம்; அவரே காரணமெனில் அவ்வாறே குறைக்கவும் செய்யலாம். இந்நால்வருள் மூவருக்கு உயர்த்தியும் ஒருவருக்குக் குறைத்தும் ஆணைகள் பிறந்திருந்தன. மென்பொருளோ ஒரே கணக்கை மட்டும் அறிந்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பின் விகிதம் மாறலாம் என்பதை அதற்கு எவரும் சொல்லவில்லை. மூவருக்குக் குறைவாகவும் ஒருவருக்கு அதிகமாகவும் கணக்கிட்டமையால், ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்து, மொத்தத்தில் வேறுபாடு சிறிதாகத் தோன்றியது.

"நால்வர்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று குழுவில் ஒருவர் சொன்னார். உண்மையைச் சொல்வதானால், நானும் அன்று அப்பக்கமே சாய்ந்திருந்தேன். கண்காணிப்பாளர் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, மற்றவர்களுக்குச் சம்பளம் நூறு ரூபாய் குறைந்தால் மறுநாளே இங்கு வந்து நிற்பார்கள். இந்த நால்வர் அலுவலகத்துக்குள் வரவே தயங்குவார்கள். இவர்களுக்கு வேறு வருமானமும் இல்லை." பணி இரண்டு வாரம் தாமதமாயிற்று, திருத்தம் செய்யப்பட்டது. அந்தக் கண்காணிப்பாளருக்குக் கணிப்பொறி மொழி எதுவும் தெரியாது. ஆனால் அந்த அறையில் இருந்தவர்களுள் அம்மென்பொருளை முழுமையாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே என்று பின்னர் எனக்குப் பட்டது.

விதிகள் மாறுகின்றன

ஒருமுறை விதிகளைப் பதிந்துவிட்டால் வேலை முடிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது, ஏனெனில் விதிகள் நிற்பதில்லை.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். 29 தொழிலாளர் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் 'ஊதியம்' என்னும் சொல்லுக்குப் பொதுவான வரையறை தரப்பட்டுள்ளது. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி முதலிய விலக்கப்பட்ட இனங்களின் கூட்டுத்தொகை, மொத்த ஊதியத்தில் பாதியை மிஞ்சுமானால், மிஞ்சிய தொகை ஊதியமாகவே கொள்ளப்படும்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் காணலாம். ஒருவரின் மொத்த ஊதியம் மாதம் 50,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 18,000 ரூபாய். விலக்கப்பட்ட படிகள் 32,000 ரூபாய் எனக் கொள்வோம். பாதி என்பது 25,000. மிஞ்சும் 7,000 ரூபாய் ஊதியத்துடன் சேர, ஊதியம் 25,000 ஆகிறது. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்னும் பணிக்கொடைக் கணக்கின்படி, பத்தாண்டுப் பணிக்கு 18,000 ரூபாய் அடிப்படையில் ஏறத்தாழ 1,03,846 ரூபாயும், 25,000 ரூபாய் அடிப்படையில் ஏறத்தாழ 1,44,231 ரூபாயும் வரும். வேறுபாடு 40,000 ரூபாய்க்கு மேல். ஒரு தொழிலாளியின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணமாகக்கூடிய தொகை இது. எந்தப் படி எந்த இனத்தில் சேரும் என்று மென்பொருளில் ஒரு கட்டத்தை நிரப்புபவர் கையில் அது இருக்கிறது.

மற்றொன்று: பணியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மட்டுமன்றி, தாமே விலகியவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் வழங்க வேண்டுமென ஊதியச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது. மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் சம்பள அமைப்பு இதனை எவ்வாறு நிறைவேற்றும்? விடுப்பு நிலுவை, முன்பணம், ஒப்படைக்க வேண்டிய பொருள்கள் ஆகியவற்றைப் பார்க்கும் நடைமுறையையே மாற்றியமைக்க வேண்டும்.

அரசுப் பணியிலும் இவ்வாறே. ஏழாவது ஊதியக் குழுவையொட்டி, 2016 முதல் ஆண்டு ஊதிய உயர்வுக்கு ஜனவரி 1, ஜூலை 1 என இரு நாட்கள் வந்தன. ஜூன் 30-ல் ஓய்வு பெற்றவர் மறுநாள் பணியில் இல்லை என்பதால் அவருக்கு உயர்வு இல்லை என நெடுங்காலம் கருதப்பட்டது. ஓராண்டு உழைத்து ஈட்டிய உயர்வை, மறுநாள் ஓய்வு என்ற காரணத்தால் மறுக்கலாகாது என 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய தீர்ப்பைப் படித்து, 'இது நம் அமைப்பில் எங்கெங்கே பாதிக்கும்?' என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

பொருளாதாரம் கூறுவது

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைக் கூற விரும்புகிறேன். கேரி பெக்கர் 1964-ல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில், பயிற்சியை இருவகையாகப் பிரித்தார். எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுப் பயிற்சி ஒன்று. ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் தனிப் பயிற்சி மற்றொன்று.

பல ஆண்டுகள் ஒரே ஆலையில் இருந்த பணியாளர் அலுவலரின் அறிவு பெரும்பாலும் இரண்டாம் வகையினது என்று நாம் எண்ணுகிறோம். அவ்வாலை மூடப்பட்டால் அவ்வறிவும் மதிப்பிழக்கும் என்ற அச்சம் அதனால்தான் எழுகிறது. ஆயினும் அவ்வறிவைப் பிரித்துப் பார்த்தால், அதில் பொதுப் பகுதி நாம் நினைப்பதைவிட மிகுதி. ஷிப்டு மாற்றம், ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கு, சங்கத்துடன் செய்த உடன்படிக்கை, நிலுவைத் தொகை ஆகியவை எல்லா ஆலைகளிலும் உண்டு. ஓரிடத்தில் முடங்கிக் கிடந்த அறிவைப் பலருக்கும் பயன்படும் அறிவாக மாற்றுவதே ஆலோசனைத் தொழில். தனிமனிதருக்கு அது பிழைப்பு. நாட்டுக்கு அது மூலதனச் சேமிப்பு.

இதில் வளர்ச்சி சார்ந்த கோணமும் ஒன்றுண்டு. பெரிய நிறுவனங்கள் விலையுயர்ந்த மென்பொருளையும் ஆலோசகர்களையும் பெற முடியும். முப்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் பொருந்தும். ஆனால் அங்கே கணக்கு இன்னும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கக்கூடும். மாதக் கட்டணத்தில் கிடைக்கும் சிறு மென்பொருள்கள் வந்துள்ளன. அவற்றைச் சரியாக அமைத்துத் தருவோர் சிறு நகரங்களில் குறைவு. பெருநகரை மட்டுமே நோக்காமல், தம் மாவட்டத்துத் தொழிற்பேட்டையை நோக்குவோருக்கும் இத்தொழிலில் இடமுண்டு.

எவ்வாறு ஆயத்தமாவது?

முதலாவது, இப்போதிருக்கும் பணியை உடனே விட்டுவிட வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் புதிய மென்பொருள் வருமானால், சோதனைக் குழுவில் சேர முன்வாருங்கள். மற்றவர் தவிர்க்கும் வேலை அது. ஆனால் அதனைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. விவரங்களைச் சரிபார்க்கும் பொறுப்பையும் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது, நிரல் எழுதக் கற்க வேண்டிய கட்டாயமில்லை என்றாலும், விவரங்கள் எவ்வாறு அட்டவணைகளாகச் சேமிக்கப்படுகின்றன, ஓர் அட்டவணை மற்றொன்றோடு எவ்வாறு இணைகிறது என்பதை அறிந்தாக வேண்டும். எக்செல் அட்டவணையில் ஆயிரம் பேரின் சம்பளத்தை ஆளுக்கு ஆள் ஒப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். எஸ்கியூஎல் மொழியில் எளிய வினாக்களை எழுதப் பழகினால் பெரிதும் உதவும்.

மூன்றாவது, பல மென்பொருள்களை மேலோட்டமாக அறிவதினும் ஒன்றை ஆழமாக அறிவது மேல். ஆனால் ஓர் எச்சரிக்கை: சில நிறுவனங்கள் தம் முறையான பயிற்சியைத் தம் வாடிக்கையாளர், கூட்டாளி நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மட்டுமே வழங்குகின்றன. ஆகவே, சான்றிதழும் வேலையும் உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களிடம், அச்சான்றிதழை வழங்குவது யார் என்று முதலில் கேளுங்கள்.

நான்காவது, எழுதப் பழகுங்கள். 'வழக்கம்போல் செய்வோம்' என்று நாம் வாயால் சொல்லும் நடைமுறையை, ஐயத்துக்கு இடமின்றி, விதிவிலக்குகளுடன் பத்து வரிகளில் எழுதுவது கடினமான கலை. இன்றிரவே உங்கள் அலுவலகத்தின் ஈட்டிய விடுப்பு விதியை எழுதிப் பாருங்கள். எத்தனை விதிவிலக்குகள் உங்கள் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன என்பது தெரியும்.

இழப்பும் பொறுப்பும்

இழப்புகளை மறைப்பது நேர்மையாகாது. பணியாளர் அலுவலருக்கு நிறுவனத்துக்குள் ஓர் அதிகாரம் உண்டு. ஆலோசகருக்கு அது இல்லை. அவர் பரிந்துரைப்பார், முடிவு செய்பவர் வேறொருவர். உங்களைவிடப் பதினைந்து வயது இளையவர் உங்கள் குழுத் தலைவராக இருக்கலாம். தொடக்கத்தில் வருமானம் குறையலாம். ஒரு பணி முடிந்து மற்றொன்று கிடைக்கும்வரை இடைவெளி விழலாம். மாதக் கணக்கில் வெளியூரில் தங்க நேரலாம். குடும்பப் பொறுப்பு மிகுந்தவர்கள் இவற்றை வீட்டில் பேசி, ஓராண்டுச் செலவுக்கேனும் சேமிப்பு வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அதே வேளையில், குழந்தை வளர்ப்புக்காகப் பணியை விட்ட பெண்கள் வீட்டிலிருந்தே செய்யத்தக்க சோதனை, ஆவணப் பணிகளும் இதில் உள்ளன என்பதையும் சொல்ல வேண்டும்.

அனைத்திலும் பெரிது பொறுப்பு. ஆலோசகருக்குக் கட்டணம் தருபவர் நிர்வாகி. ஆனால் மென்பொருளின் விளைவை அனுபவிப்பவர் தொழிலாளி. நம் தென்னாட்டவர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்து மட்டுமே உண்டு. கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தில் ஒருவர் தந்தை பெயரை இடுவார்; ஒருவர் முதலெழுத்தை இடுவார். ஆதாரில் ஒரு பெயர், வைப்பு நிதிக் கணக்கில் ஒரு பெயர் என்றாகி, மகள் திருமணத்துக்குப் பணம் எடுக்கச் செல்லும்போது அவர் அலைய நேரிடும். அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கச் சோதனையாக உருவாக்கிய ஓர் அமைப்பு, பழைய விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகியதால் பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது என்றும், அதனால் அது கைவிடப்பட்டது என்றும் 2018-ல் செய்தி வந்தது. தனிநபர் விவரங்களைக் காக்க 2023-ல் நம் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியுள்ளது. இவற்றையெல்லாம் முன்கூட்டியே கேட்பவர் அறையில் ஒருவராவது இருக்க வேண்டும். சம்பள நாளன்று சாளரத்துக்கு அப்பால் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பழகிய நீங்கள் அந்த ஒருவராக இருக்க முடியும்.

ஆகவே, நண்பர் கேட்ட கேள்விக்கு என் விடை இது: வயது தடையன்று, கணிப்பொறி மொழி தெரியாமையும் தடையன்று. நால்வரைப் பற்றிய கேள்வி எழும்போது கையெழுத்திட மறுக்கும் மனம் உங்களுக்கு உண்டா என்பதையே நான் கேட்பேன். அது உண்டெனில் மற்றவற்றைக் கற்றுக்கொள்ளலாம்.

நான் குறிப்பிட்ட கண்காணிப்பாளர் அதன்பின் சில ஆண்டுகளில் ஓய்வு பெற்றார். சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்று அவரை வாரத்தில் மூன்று நாட்களுக்கு அழைத்துக்கொண்டது. ஒருமுறை வழியில் சந்தித்தபோது, அங்கு என்ன வேலை என்று கேட்டேன். "பழைய வேலைதான் ஐயா. இளைஞர்கள் பட்டியல் போடுகிறார்கள், நான் ஆளுக்கு ஆள் பார்க்கிறேன்" என்றார்.